வீடியோவிலிருந்து ஸ்டில் எடுத்து 12 × 8 பிரிண்ட் போட வேண்டும்: கோடு கோடாக வருகிறது, முகம் ஒடுங்குகிறது

மேடைவிளக்கு கேட்டது:

வணக்கம். ஒரு மேடை நடன நிகழ்ச்சி இரண்டு கேமராவில் வீடியோவாக மட்டும் பதிவாகியிருக்கிறது. போட்டோ யாரும் எடுக்கவில்லை. அந்த வீடியோவிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஸ்டில் எடுத்து 12 × 8 அங்குலத்தில் பிரிண்ட் போட வேண்டும். கையில் இருப்பவை:

முதல் க்ளிப், பழைய எச்டிவி (HDV, டேப்பில் எச்டி வீடியோ பதியும் முறை) டேப் கேம்கோடரில் எடுத்தது. 1440 × 1080, 50ஐ. டேப்பிலிருந்து இறக்கி எம்பி4 ஆக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். 42 நிமிடம்.

இரண்டாவது க்ளிப், போனில் எடுத்தது. 3840 × 2160, நொடிக்கு 30 ஃப்ரேம், எச்இவிசி (வீடியோவை அமுக்கும் முறை), எச்டிஆர் (அதிக வெளிச்ச வீச்சு) ஆன் செய்து எடுத்தது. 11 நிமிடம்.

ஃபோட்டோஷாப்பில் ஃபைல், இம்போர்ட், வீடியோ ஃப்ரேம்ஸ் டு லேயர்ஸ் வழியாக முயன்றேன். வந்த சிக்கல்கள்:

1. 500 லேயரோடு நின்றுவிடுகிறது. எனக்கு வேண்டிய இடம் 17-வது நிமிடத்தில் இருக்கிறது.

2. டேப் வீடியோவில் கை, பாவாடை ஓரம் எல்லாம் சீப்பின் பல் மாதிரி கிடைக்கோடாகப் பிரிந்து நிற்கிறது. அசையாத பின்திரை மட்டும் சுத்தமாக இருக்கிறது.

3. அதே படத்தை ஜேபெக்காகச் சேமித்து வேறு மென்பொருளில் திறந்தால் ஆள் ஒடுங்கி நெட்டையாகத் தெரிகிறார். ஃபோட்டோஷாப்புக்குள் சரியாகத்தான் இருக்கிறது.

4. போன் வீடியோ போனில் பளிச்சென்று இருக்கிறது. கணினியில் எடுத்த ஸ்டில் சாம்பல் பூசியது போல வெளிறிப்போகிறது.

எதை முதலில் சரிசெய்ய வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்லுங்கள். பாஸ் செய்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

---

உறைகணம் எழுதியது:

ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். அது வீடியோவின் பிக்சலை எடுப்பதில்லை, உங்கள் திரையின் பிக்சலை எடுக்கிறது. 1920 × 1080 திரையில் 4கே வீடியோவை ஓட்டி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் 83 லட்சம் பிக்சலில் 21 லட்சம்தான் கைக்கு வரும். அதுவும் பிளேயர் சுருக்கிக் காட்டிய பிக்சல். அவசரத்துக்கு ஒரே ஒரு படம் என்றால் விஎல்சி பிளேயரில் ஈ விசையை அழுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்துங்கள், ஷிஃப்ட்+எஸ் அழுத்தினால் ஸ்னாப்ஷாட் சேமிக்கும். அது திரை அளவில் இல்லாமல் வீடியோவின் அளவிலேயே வரும்.

பிரிண்ட் வேலைக்கு முதல் காரியம் மூலக் கோப்பைத் தேடுவது. எச்டிவி டேப்பிலிருந்து ஃபயர்வயர் வழியாக இறக்கினால் எம்பெக்-2 கோப்பு, எம்2டி என்ற பின்னொட்டோடு வரும். பிட்ரேட் நொடிக்கு 25 மெகாபிட். அதை எம்பி4 ஆக மாற்றிக் கொடுத்தவர் பெரும்பாலும் மறுபடி அமுக்கியிருப்பார். ஒரு தடவை அமுக்கிய படத்தை இன்னொரு தடவை அமுக்கினால் முதலில் போவது முகத்தோல், கூந்தல், துணி மடிப்பு போன்ற மெல்லிய விவரம். ஸ்டில்லில் கண் நிற்கப்போவதும் அங்கேதான். மூல எம்2டி கோப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். போன் வீடியோவும் அப்படித்தான். மெசேஜ் ஆப் வழியாக வந்த பிரதி வேண்டாம், கேபிள் போட்டு போனிலிருந்தே எடுங்கள்.

கோப்பு வந்ததும் மீடியாஇன்ஃபோவில் (வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறந்து சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலம் உயரம், பிக்சல் விகிதம், ஸ்கேன் டைப் இன்டர்லேஸ்டா (வரிகளை இரண்டு தடவையாகப் பிரித்துப் பதிவது) ப்ரோக்ரஸிவா (முழுப்படமாகப் பதிவது), ஃப்ரேம் ரேட் மோட் கான்ஸ்டன்ட்டா வேரியபிளா, பிட்ரேட். எம்பி4 பிரதியில் பிட்ரேட் 25-க்கு வெகு கீழே, 6, 8 என்று காட்டினால் அது கட்டாயம் மறு அமுக்கம்தான்.

இப்போது 500 லேயர் விஷயம். அந்த உரையாடல் பெட்டியின் உச்சவரம்பே அவ்வளவுதான். அதைத் தாண்ட வழி தேடவும் வேண்டாம். 1920 × 1080-ல் எட்டு பிட் ஆர்ஜிபி லேயர் ஒன்று சுமார் 6.2 மெகாபைட், 500 லேயர் 3.1 ஜிகாபைட். 4கே என்றால் லேயருக்கு 24.9 மெகாபைட், 500 லேயருக்கு 12 ஜிகாபைட்டுக்கு மேல். கணினி திணறுவது இதனால்தான்.

வேண்டிய இடத்தை மட்டும் இறக்க அந்தப் பெட்டியிலேயே வசதி உண்டு. செலக்டட் ரேஞ்ச் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்னோட்டத்துக்குக் கீழே உள்ள ஸ்லைடரை 17-வது நிமிடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி இழுத்தால் அந்தப் பகுதி மட்டும் குறிக்கப்படும். நான்கு நொடி எடுத்தால் நூறு லேயர், அதற்கு மேல் தேவைப்படாது. மேக் ஃப்ரேம் அனிமேஷன் டிக்கை எடுத்துவிடுங்கள். லிமிட் டு எவ்ரி என்பதையும் விட்டுவிடுங்கள். அதில் 2 போட்டால் பாதி ஃப்ரேம் போய்விடும், நல்ல ஃப்ரேம் அந்தப் பாதியில் இருக்கலாம். லேயர்கள் வந்ததும் கீழே இருப்பது முதல் ஃப்ரேம், மேலே இருப்பது கடைசி. ஆல்ட் அழுத்தி ஒரு லேயரின் கண் சின்னத்தைச் சொடுக்கினால் அது மட்டும் தெரியும்.

42 நிமிடத்தில் அந்தச் சிறு ஸ்லைடரால் இடம் பிடிப்பது கஷ்டம். எனவே எனக்குப் பிடித்தது அடுத்த வழி. ஃபைல், ஓப்பன் வழியாக வீடியோவையே திறந்தால் அது வீடியோ லேயராக டைம்லைனில் உட்காரும். டைம்லைன் பேனல் மெனுவில் செட் டைம்லைன் ஃப்ரேம் ரேட் சென்று க்ளிப்பின் வேகமே இருக்கிறதா என்று பாருங்கள். 25 ஃப்ரேம் க்ளிப் 30 டைம்லைனில் உட்கார்ந்திருந்தால் ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்று இரண்டு தடவை வரும். நகர்த்தினாலும் படம் மாறவில்லையே என்று குழம்புவீர்கள். அது சரியானதும் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, பிடித்த இடத்தில் நிறுத்தி, கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி, கன்ட்ரோல்+என், கன்ட்ரோல்+வி. புது ஆவணம் அதே பிக்சல் அளவில் திறக்கும்.

ஒரு பகுதி முழுவதையும் கோப்புகளாக வேண்டுமென்றால் டைம்லைனில் ஒர்க் ஏரியாவை நறுக்கிக்கொண்டு ஃபைல், எக்ஸ்போர்ட், ரெண்டர் வீடியோ போய், அடோபி மீடியா என்கோடருக்குப் பதில் ஃபோட்டோஷாப் இமேஜ் சீக்வென்ஸ் தேர்ந்தெடுங்கள். வடிவம் டிஃப் அல்லது பிஎன்ஜி. ஜேபெக் வேண்டாம், இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது.

எடிட்டிங் மென்பொருளிலிருந்து ஃப்ரேம் எடுப்பவர்கள் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. பிரீமியரிலோ ரிசால்விலோ டைம்லைன் 1920 × 1080 என்று அமைந்திருந்தால், உள்ளே இருப்பது 4கே க்ளிப்பாக இருந்தாலும் வெளியே வரும் ஸ்டில் 1920 × 1080-தான். டைம்லைன் அளவை 3840 × 2160 ஆக்கிவிட்டுத்தான் பிரீமியரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஈ அழுத்த வேண்டும்.

---

சீப்புக்கோடு எழுதியது:

உங்க 2-ம் 3-ம் கேள்விக்கு நான் சொல்றேன். ரெண்டும் டேப் வீடியோ சமாச்சாரம்தான், ஆனா வேற வேற காரணம்.

பல் பல்லா தெரியுறது வீடியோ கெட்டுப்போனதால இல்ல. 50ஐன்னா நொடிக்கு 50 ஃபீல்டு. ஒவ்வொரு ஃபீல்டுலயும் 540 வரி. ஒற்றைப்படை வரி ஒரு கணம், இரட்டைப்படை வரி 1/50 நொடி கழிச்சு இன்னொரு கணம். ரெண்டையும் பின்னிப் போட்டது ஒரு ஃப்ரேம். அசையாத பின்திரை ரெண்டு கணத்துலயும் ஒரே இடத்துல இருக்கு, அதனால சுத்தமா தெரியுது. கை அப்படி இல்ல. திரையோட இடது ஓரத்துல இருந்து வலது ஓரத்துக்கு ஒரு நொடியில போற கைன்னு வெச்சுக்கங்க. 1440 பிக்சலை 50-ஆல வகுத்தா ஏறத்தாழ 29 பிக்சல். 200 சதவீதம் பெரிசாக்கி விரல் நுனியைப் பாருங்க, பல்லோட நீளம் அந்த அளவுதான் இருக்கும். வேகமா போன கைக்கு நீளப் பல், மெதுவா போன கைக்கு குட்டைப் பல்.

ஒத்தைப் படம்னா ஃபோட்டோஷாப்லயே சரி பண்ணலாம். முதல்ல லேயர், வீடியோ லேயர்ஸ், ராஸ்டரைஸ் பண்ணிடுங்க. பண்ணலேன்னா ஃபில்டர் அந்த ஒரு ஃப்ரேமுக்கு மட்டும் விழும், அப்புறம் எந்த ஃப்ரேமுக்குப் போட்டோம்னே மறந்துபோகும். பிறகு ஃபில்டர், வீடியோ, டீ-இன்டர்லேஸ். எலிமினேட்ல ஆட் ஃபீல்ட்ஸ் ஒரு தடவை, ஈவன் ஃபீல்ட்ஸ் ஒரு தடவைன்னு ரெண்டு பிரதி எடுங்க. ரெண்டும் 1/50 நொடி தள்ளி எடுத்த ரெண்டு தனிப் படம். ஒண்ணுல கண் பாதி மூடியிருக்கும், அடுத்ததுல திறந்திருக்கும். கிரியேட் நியூ ஃபீல்ட்ஸ் பைன்னு இருக்கற இடத்துல இன்டர்போலேஷன் வைங்க. டூப்ளிகேஷன் வெச்சா ஒரே வரியை ரெண்டு தடவை போடும், சாய்ந்த கோடெல்லாம் படிக்கட்டா நிக்கும்.

இதை எதுக்கும் முன்னாடி பண்ணணும். அளவு மாத்தின பிறகோ, கொஞ்சம் திருப்பி நிமிர்த்தின பிறகோ பண்ணினா வரிகள் ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும், எந்த வரி எந்த ஃபீல்டுன்னு ஃபில்டருக்குத் தெரியாது. எம்பி4 மாத்திக் கொடுத்தவர் அளவையும் 1280 × 720-ன்னு சுருக்கியிருந்தா அந்தப் பிரதியை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. மூலக் கோப்புக்கே போகணும். உங்களது இன்னும் 1440 × 1080-ல இருக்கு, அதனால பரவாயில்ல.

நிறைய படம் வேணும்னா எஃப்எஃப்எம்பெக் தான் என் தேர்வு, கட்டளை தட்டி ஓட்டுற வீடியோ மென்பொருள் அது. அதுல டீ-இன்டர்லேஸ் பண்ற பிடபிள்யூடிஃப் ஃபில்டரை அப்படியே போட்டாலே ஃபீல்டுக்கு ஒரு படம், நொடிக்கு 50 படம் கொடுக்கும். அதே வேலை செய்யுற யாடிஃப் போடுறதா இருந்தா மோட் 1 கொடுக்கணும், இல்லேன்னா ஃப்ரேமுக்கு ஒண்ணுன்னு 25 தான் வரும், உங்களுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய பாதிக் கணம் போயிடும். ஃபோட்டோஷாப் ஃபில்டர் ஒரே படத்தைத்தான் பார்க்கும். இந்த ரெண்டும் முன்னும் பின்னும் உள்ள ஃபீல்டையும் பார்த்து, அசையாத இடத்துல முழு 1080 வரியையும் காப்பாத்தும். பின்திரை எழுத்து, மேடைத் தூண் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற அளவு கூர்மையா இருக்கும். எம்2டி கோப்பை ஃபோட்டோஷாப் திறக்காம அடம் பிடிச்சாலும் இந்த வழியில கவலை இல்ல.

அடுத்து ஒடுங்கின முகம். எச்டிவி பதியுறது 1440 × 1080. காட்டுறது 1920 × 1080. ஒவ்வொரு பிக்சலும் சதுரம் இல்ல, அகலம் 1.333 மடங்கு. ஃபோட்டோஷாப் வியூ மெனுவுல பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன் ஆன்ல இருக்கறதால திரையில மட்டும் இழுத்துக் காட்டுது. ஜேபெக்ல பிக்சல் 1440 தான் போகுது, மத்த மென்பொருள் அதைச் சதுரம்னு எடுத்துக்குது. பிரிண்ட் போடுற இடத்துலயும் இதேதான் நடக்கும். அதனால டீ-இன்டர்லேஸ் முடிஞ்ச கையோட வியூ, பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோல ஸ்கொயர் ஆக்கிட்டு, இமேஜ் சைஸ்ல சங்கிலியை அவிழ்த்து அகலம் 1920, உயரம் 1080 கொடுங்க. சரியா வந்துச்சான்னு பார்க்க வட்டமான பொருள் எதையாவது அளந்து பாருங்க, மேடை விளக்கோட முகப்பு மாதிரி. அகலமும் உயரமும் ஒண்ணா இருக்கணும். நேரா பார்த்த விளக்கா பார்த்து அளங்க.

---

மேடைவிளக்கு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எம்2டி கோப்பு கிடைத்துவிட்டது. மீடியாஇன்ஃபோ 25 மெகாபிட் காட்டுகிறது. எம்பி4 பிரதியில் 7 தான் இருந்தது. பிடபிள்யூடிஃப் போட்டு எடுத்த படத்தில் சீப்புக்கோடு போய்விட்டது, அளவும் சரி. ஆனால் நிறம் விஎல்சியில் தெரிவதிலிருந்து கொஞ்சம் விலகுகிறது, சிவப்பும் பச்சையும் வேறு மாதிரி இருக்கின்றன. போன் வீடியோ வெளிறுவதும் அப்படியே இருக்கிறது. கர்வ்ஸ் போட்டு இருட்டினால் பின்திரையில் பட்டை பட்டையாக வருகிறது. சிவப்புத் துணியின் ஓரமும் படிக்கட்டு போல இருக்கிறது.

---

நிறச்சக்கரம் எழுதியது:

நீங்கள் சொல்லும் மூன்றுக்கும் மூன்று காரணம்.

டேப் வீடியோ: எச்டி வீடியோவின் நிறக் கணக்கு பிடி.709, பழைய எஸ்டியின் கணக்கு பிடி.601. கோப்பில் எது என்று எழுதியில்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஆர்ஜிபிக்கு மாற்றும்போது 601 என்று எடுத்துக்கொள்ளும். பிஎன்ஜி எடுக்கும்போது நடப்பது இதுதான். ஸ்கேல் ஃபில்டரில் உள்வரும் கலர் மேட்ரிக்ஸ் பிடி709 என்று வெளிப்படையாகக் கொடுத்து மறுபடி எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஹ்யூ சாச்சுரேஷன் வைத்துச் சரிக்கட்ட முயலாதீர்கள். ஒரு நிறம் சரியானால் இன்னொன்று போகும்.

கூடவே லெவல்ஸ் திறந்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினிப் படத்தில் 0, 255. மாற்றம் நடக்காமல் படம் வந்திருந்தால் மேடு இடப்பக்கம் 16-ல் தொடங்கி வலப்பக்கம் 235 அருகில் முடியும், இரு ஓரமும் காலி. அப்படி இருந்தால் லெவல்ஸில் உள்ளீடு 16, 235 கொடுத்தால் போதும். இதற்கு நேர்மாறாக, முழு வீச்சுள்ள வீடியோவை 16-235 என்று எண்ணி விரித்திருந்தால் நிழலும் வெளிச்சமும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதை எந்த லெவல்ஸும் மீட்காது, திரும்ப எடுத்தாக வேண்டும்.

போன் வீடியோ: எச்டிஆர் என்றால் பத்து பிட், பிடி.2020 நிறப்பரப்பு, ஒளியை எழுதும் வளைவும் வேறு. எச்எல்ஜி அல்லது பிக்யூ. அதைச் சாதாரண எஸ்டிஆர் படம் என்று நினைத்துத் திறக்கும் மென்பொருள் சாம்பலாகத்தான் காட்டும். நீங்கள் கர்வ்ஸ் போட்டது எட்டு பிட்டுக்குச் சுருங்கிய பிறகு. நெருக்கிக் கிடந்த சில படிகளை இழுத்து நீட்டியதால் படிக்கட்டு பட்டையாகத் தெரிகிறது. நிற மாற்றத்தை ஃப்ரேம் எடுப்பதற்கு முன்பே, பத்து பிட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டும். டாவின்சி ரிசால்வில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், கலர் மேனேஜ்மென்ட்டில் டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்டு தேர்ந்தெடுத்து வெளியீட்டை ரெக்.709 ஆக வையுங்கள். டைம்லைன் 3840 × 2160. கலர் பக்கத்தில் வேண்டிய ஃப்ரேமில் நிறுத்தி, படத்தின் மேல் வலச்சொடுக்கி கிராப் ஸ்டில். பிறகு கேலரியில் அதை வலச்சொடுக்கி எக்ஸ்போர்ட், டிஃப். எஃப்எஃப்எம்பெக்கிலேயே செய்ய விரும்பினால் இசட்ஸ்கேலும் (நிறப்பரப்பை மாற்றுவது) டோன்மேப்பும் (எச்டிஆர் வெளிச்சத்தைச் சாதாரண வீச்சுக்கு அடக்குவது) சேர்த்துப் போட வேண்டும். டோன்மேப் இல்லாமல் வெறும் நிறப்பரப்பை மட்டும் மாற்றினால் ஸ்பாட் லைட் விழும் நெற்றியும் மூக்கும் வெந்துபோகும்.

சிவப்பு ஓரப் படிக்கட்டு: இது 4:2:0 பதிவின் குணம். வெளிச்சம் முழு அளவில் பதிவாகிறது, நிறம் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல். கறுப்புப் பின்னணியில் அடர்சிவப்புத் துணி வரும்போது கண்ணுக்கு அதிகம் தெரியும். இமேஜ், மோடில் லேப் கலருக்கு மாறி, சேனல்ஸ் பேனலில் ஏ சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து காஸியன் ப்ளர், 4கே-யில் 1.5 பிக்சல், எச்டிவியில் 2. பி சேனலுக்கும் அதே. லைட்னஸ் சேனலைத் தொடாதீர்கள், கூர்மை முழுக்க அங்கேதான் இருக்கிறது. பிறகு ஆர்ஜிபிக்குத் திரும்புங்கள். நிறப் புள்ளிகளும் இதிலேயே பாதி அடங்கும். இருண்ட திரையில் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் ஃபில்டர், நாய்ஸ், ரெட்யூஸ் நாய்ஸில் ரிமூவ் ஜேபெக் ஆர்டிஃபாக்ட் டிக் செய்து ஸ்ட்ரெங்த் 4 அளவில் நிறுத்துங்கள்.

அந்தத் திரை இன்னும் சுத்தமாக வேண்டுமா? கேமரா ஸ்டாண்டில் நின்றிருந்தால் அருமையான ஒரு வழி இருக்கிறது. ஒரே காட்சியிலிருந்து 16 ஃப்ரேமை லேயர்களாக அடுக்குங்கள். எடிட், ஆட்டோ-அலைன் லேயர்ஸில் ரீபொசிஷன். எல்லாவற்றையும் சேர்த்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, லேயர், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்ஸ், ஸ்டாக் மோடில் மீடியன். ஆவணத்தை முன்கூட்டியே 16 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள். சராசரி எடுக்கும் மீன் முறையில் நாய்ஸ் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும், 16 ஃப்ரேமுக்குக் கால் பங்கு. மீடியன் அதைவிடக் கொஞ்சம் பின்தங்கும், ஆனால் நகரும் ஆட்களை அழித்துவிடும். அடுத்தடுத்த 16 ஃப்ரேமை எடுக்காதீர்கள். வீடியோ அமுக்கத்தில் பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்கள் ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியவை, நாய்ஸும் சேர்ந்தே கடன். 15 ஃப்ரேம் இடைவெளி விட்டு எடுத்தால் பலன் தெரியும். ஆடுபவரை ஒற்றை ஃப்ரேமிலிருந்து மாஸ்க் போட்டு இதன்மேல் வைக்கலாம். அப்போது பின்திரை வழவழவென்றும் ஆள் மணல் போலவும் பிரிந்து நிற்கும். பின்திரைக்கு ஆட் நாய்ஸில் காஸியன், மோனோக்ரோமேட்டிக், 1 முதல் 2 சதவீதம் சேர்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

---

உறைகணம் எழுதியது:

ஃப்ரேம் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லை. மேலே சொன்ன அத்தனை வேலையையும்விட அதில்தான் படம் நிற்கிறது.

டேப் கேமரா வழக்கமாக 1/50 நொடி ஷட்டரில் ஓடும். போன் மேடை வெளிச்சத்தில் 1/30, 1/60. அந்த நேரத்துக்குள் கை நகர்ந்த தூரம் அப்படியே மங்கலாகப் பதிகிறது, எந்த ஷார்ப்பும் அதைத் திரும்பக் கொண்டுவராது. ஆனால் எந்த அசைவுக்கும் திரும்புகிற ஒரு புள்ளி உண்டு. கை மேலே ஏறிக்கொண்டே போய், கீழே இறங்கத் தொடங்குமுன் ஒரு கணம் நின்றாக வேண்டும். குதித்தவர் உச்சியில் நிற்கிறார். சுழன்றவர் திசை மாற்றும் இடத்தில் நிற்கிறார். அந்த இரண்டு மூன்று ஃப்ரேமில் விரல் நகம் வரை தெரியும், அதற்கு நான்கு ஃப்ரேம் முன்னால் கையே புகை மாதிரி இருக்கும். நடனத்தில் அந்த உச்சிதான் பார்க்கவும் அழகான நிலை. அதனால் தேடும்போது முகத்தை விட்டுவிட்டு முதலில் விரல் நுனியைப் பாருங்கள், பிறகு கண்ணைப் பாருங்கள்.

ஒரே மாதிரி நாற்பது படம் கையில் இருந்து கண் சோர்ந்துவிட்டால் அவற்றை ஒரே தரத்தில் ஜேபெக்காகச் சேமித்து கோப்பு அளவுப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே காட்சி, ஒரே சட்டகம் என்றால் பெரிய கோப்பில் விவரம் அதிகம், பெரும்பாலும் கூர்மையானது மேலே வரும். இது தேர்வுக்கு மட்டும். பிரிண்ட்டுக்கு டிஃப்-ஐயே எடுங்கள்.

ஐ-ஃப்ரேம் பற்றியும் கவனியுங்கள். எச்டிவி 50ஐ-யில் 12 ஃப்ரேமுக்கு ஒன்றுதான் தன்னிறைவான முழுப்படம், அதுதான் ஐ-ஃப்ரேம். மற்றவை முன்னும் பின்னும் உள்ள படத்தோடு வித்தியாசத்தை மட்டும் வைத்திருப்பவை. கூட்டமாக ஆடும் வேகமான இடத்தில் இந்த வித்தியாச ஃப்ரேம்கள் கட்டம் கட்டமாக உடையும். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஃப்ரேம் இரண்டுமே நல்ல நிலை என்றால் இரண்டையும் 100 சதவீதத்தில் வைத்து, கட்டம் குறைவாக உள்ளதை எடுங்கள். ஐ-ஃப்ரேம்களை மட்டும் எடுக்கும் வசதி எஃப்எஃப்எம்பெக்கில் உண்டு, ஆனால் கணம் அரை நொடிக்கு ஒன்றாகிவிடும். நடனத்துக்கு அது ஆகாது.

போன் க்ளிப்பில் ஃப்ரேம் ரேட் மோட் வேரியபிள் என்று இருந்தால் ஃப்ரேம் எண்ணை நம்பாதீர்கள், ஒரு மென்பொருளின் 5400-வது ஃப்ரேம் இன்னொன்றில் 5391 ஆக இருக்கும். நிமிடம், நொடி, மில்லி நொடி என்று நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பிரிண்ட் கணக்கு. 12 × 8 என்பது 3:2, வீடியோ 16:9. பக்கவாட்டில் வெட்டியாக வேண்டும். போன் 4கே-யில் உயரம் 2160 முழுவதையும் வைத்தால் அகலம் 3240. 12 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 270 பிக்சல். தாராளமாகப் போதும், பெரிதாக்கவே வேண்டாம். டேப்பில் 1620 × 1080. 12 × 8-க்கு 135 பிக்சல் தான், 6 × 4-க்கு 270. டேப் படத்தை 12 × 8 ஆக்கியே தீர வேண்டும் என்றால் டிஃப்-ஐ கேமரா ராவில் திறந்து என்ஹான்ஸ், சூப்பர் ரெசல்யூஷன் போடுங்கள். இரு பக்கமும் இரட்டிப்பாகி 3240 × 2160 வரும். ஆனால் சீப்புக்கோடு, கட்டம், நிறப்படிக்கட்டு எல்லாம் போன பிறகுதான். முன்னாலேயே போட்டால் அவற்றையும் விவரம் என்று எண்ணி அழகாகச் செதுக்கிக் கொடுக்கும். முகம் உயரத்தில் 100 பிக்சலுக்குக் குறைவாக உள்ள தூரக்காட்சிகளைப் பெரிதாக்க வேண்டாம், தோல் மெழுகு பொம்மை மாதிரி ஆகும். அவற்றை 6 × 4-ல் விட்டுவிடுங்கள்.

ஷார்ப் கடைசியில், பிரிண்ட் அளவுக்கு வந்த பிறகு. அன்ஷார்ப் மாஸ்க் 80 சதவீதம், ரேடியஸ் 0.8, த்ரெஷோல்டு 3 என்று தொடங்குங்கள். கேமரா பதியும்போதே ஒரு தடவை ஷார்ப் செய்துவிட்டது. தோளின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு ஏற்கெனவே இருக்கும். அது தடிக்கிறது என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

---

மேடைவிளக்கு எழுதியது:

ரிசால்வில் எடுத்த ஸ்டில் போனில் பார்ப்பது போலவே நிறைவாக வந்துவிட்டது, பட்டை இல்லை. கை உச்சியில் நிற்கும் ஃப்ரேம் தேடியதில் எட்டு நல்ல படம் கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: படங்களை நிகழ்ச்சி வரிசையில் அடுக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் இன்றைய தேதிதான் இருக்கிறது.

---

சீப்புக்கோடு எழுதியது:

வீடியோல இருந்து எடுத்த படத்துல கேமரா எழுதுற எக்ஸிஃப் தகவல் இருக்காது. நீங்க சேமிச்ச நேரம்தான் கோப்புல நிக்கும். எக்ஸிஃப்டூல்ல எடுத்த தேதியை நிகழ்ச்சித் தேதியா எழுதிடுங்க, மணி நிமிடத்துக்கு வீடியோ தொடங்கின நேரத்தோட ஃப்ரேமோட நேரத்தைக் கூட்டிப் போடுங்க. கோப்புப் பேரும் க்ளிப், நிமிடம், நொடி, மில்லி நொடின்னு வெச்சுடுங்க, "டேப்_17_04_320" மாதிரி. முன்னாடி பூஜ்யம் போட மறந்துடாதீங்க, இல்லேன்னா சில மென்பொருள்ல 9-வது நிமிடம் 17-க்குப் பின்னாடி போய் உட்காரும். அதே ஃப்ரேமைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தா அந்தப் பேரை வெச்சே நேரா அங்க போயிடலாம்.